முனியாண்டிக்குப் படைக்கும் சுருட்டு
மலேசியாவின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டக் கோயில்களில், மரத்தடிச் சூலமாக நின்ற காவல் தெய்வம் முனியாண்டிக்கு இன்று ஆகமமுறைக் குடமுழுக்கு நடக்கிறது. சிவாம்சம் என்று விளக்கமும் சொல்கிறார்கள். விளக்கம் வரட்டும், நல்லதுதான். அதைச் சாக்கிட்டுச் சுருட்டையும் கள்ளையும் கிடாவெட்டையும், தலைமுறையாகப் பூசை செய்த தோட்டத்துப் பூசாரியையும் ஓரங்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ, மோசேயின் சட்டத்துக்குப் பிளேட்டோ வழியில் உட்பொருள் சொன்னவர். உட்பொருள்தான் தெரிந்துவிட்டதே என்று ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் கைவிட்ட யூதர்களைக் கண்டித்தவரும் அவரே. உட்பொருள் வந்ததால் சடங்கு போகவேண்டியதில்லை; முனியாண்டிக்கும் அப்படித்தான். பால்மரம் செம்பனையாகி, தோட்ட லயங்கள் காலியாகி, தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபோனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருவது அந்தச் சூலத்தைத் தேடித்தான். கோபுரத்துக்கு நன்கொடை திரட்டும் கோயில் நிர்வாகங்கள், முதலில் வயதான பூசாரியை உட்காரவைத்துப் படையல் முறையைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.