எதிரில் ஆளில்லாத சீட்டாட்டம்



சீட்டுக் கட்டு என்றதும் நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைக் கண்டு அஞ்சியதால் வந்த சுளிப்பு அது. அதில் நியாயமும் உண்டு. ஆனால், சீட்டுக் கட்டு ஒரு நல்ல அறிவியல் கருவியும் ஆகும். நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவே சூதாட்டத்தைப் பற்றிய கேள்விகளிலிருந்துதான் வளர்ந்தது. 1654-ஆம் ஆண்டில் பாஸ்கலும் ஃபெர்மாவும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதற்கு வித்திட்டன.

நாம் இங்கே பேசப் போவது 52 சீட்டுகள் கொண்ட பழைய கட்டைப் பற்றி அன்று. சேகரிப்புச் சீட்டு விளையாட்டைப் பற்றி. இதில் எல்லோருக்கும் பொதுவான கட்டு கிடையாது. கடையில் உறையிட்ட பொதிகளாகச் சீட்டுகள் விற்கப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகே தெரியும். அவரவர் சேர்த்த சீட்டுகளிலிருந்து அவரவரே ஒரு கட்டை அமைத்துக்கொண்டு நண்பருடன் மோத வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் அமைத்து, 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ இவ்வகைக்கு முன்னோடி. 1996-இல் ஜப்பானில் போக்கிமான் சீட்டு விளையாட்டு வந்தது.

இவை பரவிய சில ஆண்டுகளிலேயே, ஒருவர் தனியாக இருந்து ஆடும் மின்னணு விளையாட்டுகளாகவும் மாறின. 1997-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் மேஜிக்கைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. 1998 டிசம்பரில் போக்கிமான் சீட்டு விளையாட்டு, கையடக்கமான ‘கேம்பாய்’ கருவிக்கு ஜப்பானில் வந்தது. 2000-இல் மற்ற நாடுகளுக்கும் சென்றது.

சீட்டின் படத்தைத் திரையில் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் எண்ணலாம். அப்படி அன்று. மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த நண்பன் மூன்று வேலைகளைச் செய்துவந்தான். நாம் கலைத்த சீட்டை வெட்டித் தந்து, நேர்மைக்குச் சாட்சியாக இருந்தான். நம்மை எதிர்த்து ஆடினான். ஆட்டம் முடிந்ததும் தன்னிடம் மிகுந்ததைக் கொடுத்து நம்மிடம் மிகுந்ததை வாங்கிக்கொண்டான். அவன் எழுந்து போன பின் இம்மூன்றுக்கும் இயந்திரம் என்ன ஈடு தருகிறது? இதைக் கொண்டே அவ்விளையாட்டை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

கலைப்பது யார்?

கையால் சீட்டைக் கலைப்பது எளிதன்று. 52 சீட்டுகளை இரு பாதியாக்கி ஒன்றுக்குள் ஒன்று பொருத்திக் கலைக்கும் முறையில், நன்கு கலைவதற்கு ஏறத்தாழ 7 முறை கலைக்க வேண்டும் என்று 1992-இல் பேயர், டயாகோனிஸ் என்னும் கணித அறிஞர்கள் காட்டினர். நம்மில் பலர் மூன்று நான்கு முறையோடு நிறுத்திவிடுவோம்!

இயந்திரம் எப்படிக் கலைக்கிறது? அதற்குக் கையும் இல்லை, தற்செயல் என்பதும் இல்லை. கொடுத்த ஆணையை அப்படியே செய்வதுதான் அதன் இயல்பு. எனவே அது கணக்குப் போட்டே ‘தற்செயல்’ எண்களை உண்டாக்குகிறது. நீங்களே செய்து பாருங்கள். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டுங்கள். வருவதை 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். அம்மீதியை வைத்து மீண்டும் அதையே செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வந்து, பிறகு மீண்டும் 7 வரும். 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. பார்வைக்கு ஒழுங்கற்றவையாகத் தோன்றுகின்றன அல்லவா?

இனி இதைக் கொண்டு பூவா தலையா போடுவோம். ஒற்றைப்படை வந்தால் பூ, இரட்டைப்படை வந்தால் தலை. மேலே உள்ள வரிசையைப் பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று தவறாமல் மாறி மாறி வருகிறது! இரண்டு நிமிடம் கவனித்த சிறுவன் அடுத்து விழுவதைச் சொல்லிவிடுவான். போக்கிமான் சீட்டாட்டத்தில் பல தாக்குதல்களின் பலன் காசு சுண்டுவதைப் பொறுத்தே அமைகிறது. இப்படிப்பட்ட காசை வைத்தால் ஆட்டமே கெட்டுவிடும். எனவே கணக்கையும் எண்களையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொடங்கும் எண்ணைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 60 சீட்டுகளும் வெவ்வேறானவை என்றால் அவற்றை அடுக்கும் வகைகள் ஏறக்குறைய 8-ஐ 10-இன் 81-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு. தொடக்க எண் 32 இருமக் குறிகளால் ஆனது என்றால், அது கொள்ளக்கூடிய மதிப்புகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம்தான். ஒரே ஒரு தொடக்க எண்ணைக் கொண்டு கட்டைக் கலைத்தால், அதற்கு மேல் வேறு அடுக்கு ஒன்றுகூட உங்கள் கைக்கு வராது. ஆயினும் ஒரு மனிதன் தன் ஆயுளில் ஆடும் ஆட்டங்களுக்கு இது போதும். கலைக்கும் வேலையில் இயந்திரம் நம் கைக்குத் தோற்காது என்று துணிந்து சொல்லலாம்.

எதிர்த்து ஆடுவது யார்?

இது கடினமான பகுதி. 1997 மே மாதத்தில் ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. சீட்டாட்டத்தில் அப்படியில்லை. எதிராளியின் கையில் இருப்பதை ஊகிக்க வேண்டும். போக்கர் சீட்டாட்டத்தின் ஒரு வகையில் தேர்ந்த ஆட்டக்காரர்களைக் கணிப்பொறி வெல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு மீத்திறன் கணிப்பொறி தேவைப்பட்டது.

சேகரிப்புச் சீட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் அச்சிட்டிருக்கும் வாசகம் ஆட்டத்தின் விதியையே சிறிது மாற்றுகிறது. ஒவ்வொரு சீட்டும் ஒரு சிறு ஆணைத்தொடர் எனலாம். மேஜிக் ஆட்டத்தில் சீட்டுகளைத் தக்கபடி அமைத்து, எந்தக் கணிப்பொறி செய்யும் கணக்கையும் செய்ய வைக்கலாம் என்று 2019-இல் மூவர் நிறுவினர். அதாவது, அவ்வாட்டத்தின் எல்லா நிலைகளிலும் முடிவு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லும் பொது வழிமுறை இருக்க முடியாது.

கேம்பாயின் மூளையோ, நொடிக்குச் சுமார் 42 லட்சம் துடிப்புகள் கொண்ட 8 இருமக்குறிச் சில்லு. திரையில் 160-க்கு 144 புள்ளிகள்தாம். இதில் தேர்ந்த அறிவை எங்கே வைப்பது? ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளின் தொகுப்பைத்தான் வைக்க முடியும்.

போக்கிமான் விளையாட்டை அமைத்தவர்கள் இதற்குக் கண்ட வழி என்னைக் கவர்ந்தது. எதிராளியைப் பேரறிவாளன் ஆக்க முயலாமல், பலவகை எதிராளிகளை அமைத்தார்கள். 8 மன்றங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர். நீருக்கு ஒரு மன்றம், நெருப்புக்கு ஒரு மன்றம். அறிவியலுக்கும் ஒரு மன்றம் உண்டு என்பதில் நமக்கு மகிழ்ச்சிதான்! ஒவ்வொருவரிடமும் வேறு வேறு இயல்புள்ள கட்டு. நெருப்பை வென்ற கட்டு நீரிடம் தோற்கக்கூடும். ஆகவே நாம் மோதுவது அந்த இயந்திரத்தின் அறிவுடன் மட்டும் அன்று. கட்டை அமைத்தவரின் அறிவுடனும்தான். நமக்கும் ஒவ்வொரு முறையும் நம் கட்டைத் திருத்தி அமைக்கும் வேலை இருக்கிறது. அவ்வேலையில் நிகழ்தகவைக் கற்கிறோம். எடுத்துக்காட்டாக, 60 சீட்டுகளில் ஒரே பெயருள்ளவை 4 இருந்தால், முதலில் எடுக்கும் 7 சீட்டுகளில் அவற்றுள் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 40. ‘நான்கு வைத்தும் வரவில்லையே’ என்று வருந்துபவர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் அறக்கேள்வியும் எழுகிறது. உங்கள் கைச்சீட்டும் இயந்திரத்தின் கைச்சீட்டும் ஒரே நினைவகத்தில்தான் இருக்கின்றன. எட்டிப் பார்க்க அதற்குக் கழுத்துகூட வேண்டியதில்லை. பாராமல் ஆட வைப்பது ஆணைத்தொடரை எழுதுபவரின் நேர்மை. எதிராளியின் திறமை குறைவாக இருக்கிறது என்பதற்காக அதைத் திருட்டுத்தனமாக வெல்ல வைக்கும் விளையாட்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்ல விளையாட்டு ஆகாது.

மாற்றிக்கொள்வது யாருடன்?

மூன்றாவது வேலைதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. ஏனெனில் இதில் உங்கள் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஒரு தொகுதியில் 100 வகைச் சீட்டுகள் உள்ளன, எல்லாம் சம அளவில் அச்சிடப்படுகின்றன, ஒவ்வொன்றாக வாங்குகிறோம் என்று கொள்வோம். 50 வகைகள் சேரச் சராசரியாக 69 சீட்டுகள் வாங்கினால் போதும். 90 வகைகள் சேர 226 வேண்டும். 100-ம் சேர வேண்டுமானால் 519! கடைசி ஒன்றுக்காக மட்டும் சராசரியாக 100 சீட்டுகள் வாங்க நேரிடும். அரிய சீட்டுகளைக் குறைவாக அச்சிட்டால் இத்தொகை இன்னும் ஏறும். மேசை ஆட்டத்தில் நம்மைக் காப்பவன் நண்பன். நம்மிடம் இரண்டாக இருப்பதைக் கொடுத்து, அவனிடம் இரண்டாக இருப்பதை வாங்கிக்கொள்கிறோம். தனியாக ஆடுபவருக்கு இந்தக் காப்பு இல்லை.

1998-ஆம் ஆண்டு விளையாட்டில் இதற்கு ஈடாகச் செய்தது என்ன? வென்றால் சீட்டுப் பொதி பரிசு. கருவிக்கும் விளையாட்டுக்கும் ஒரு முறை பணம் கொடுத்தபின், பொதிக்கென்று ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. செலவாவது உங்கள் நேரமும் சிந்தனையும்தாம். ஆயினும் வீனசார், மியூ ஆகியவற்றின் இரண்டு சீட்டுகள் மட்டும் தனியாக ஆடுபவருக்குக் கிடைக்கா. இரு கருவிகளை எதிரெதிரே வைத்து, அகச்சிவப்புக் கதிரால் பேச வைத்தால் மட்டுமே அவை வரக்கூடும். இதைக் குறை என்போரும் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. அதற்கு வேண்டியது இன்னொரு நண்பன், பணம் அன்று.

பின்னர் வந்த பல விளையாட்டுகள் வேறு வழியில் சென்றன. 2014-இல் வந்த ‘ஹார்த்ஸ்டோன்’ போன்றவற்றில் பொதிகளை ஆடிச் சேர்த்த பொன்னாலும் வாங்கலாம், உண்மைப் பணத்தாலும் வாங்கலாம். விளையாட்டு இலவசம், ஆவலுக்குத்தான் விலை. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய மறைபெட்டிகள், தான் ஆராய்ந்த சில விளையாட்டுகளில் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் தீர்மானித்தது.

அச்சிட்ட சீட்டின் அருமைக்கு ஒரு பொருள் உண்டு. உலகில் அத்தனைதான் இருக்கின்றன. ஒன்று கிழிந்தால் ஒன்று குறையும். திரையில் தெரியும் சீட்டின் அருமை எத்தகையது? ஆணைத்தொடரில் எங்கோ ஓர் இடத்தில் எழுதப்பட்ட சிறிய எண். அந்த எண்ணை மாற்றினால் நாளைக்கே எல்லோரிடமும் அது இருக்கும். அதற்குக் காகிதமும் வேண்டாம், மையும் வேண்டாம். பற்றாக்குறையே இல்லாத இடத்தில் பற்றாக்குறையை உண்டாக்கி, அதைப் பள்ளி மாணவரிடம் விற்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. ஆடித் தேடட்டும் என்பதற்காக அரிதாக்கினால் அது விளையாட்டு. வாங்கட்டும் என்பதற்காக அரிதாக்கினால் அது வணிகம் மட்டுமே.

நீங்கள் செய்யக் கூடியவை

இவ்விளையாட்டுகளை ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளர் கண்ணோடு ஆடுங்கள். காசு சுண்டும் விளையாட்டாக இருந்தால் 100 முறை சுண்டியதைக் குறிப்பேட்டில் பதியுங்கள். நேர்மையான காசானால் பூ 40 முதல் 60-க்குள் விழும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 96. 35 தான் விழுந்தது என்றால் ஐயப்படக் காரணம் உண்டு. இன்னும் சில நூறு முறை பதிந்து பார்த்த பிறகே முடிவு கூற வேண்டும். பொதியைத் திறந்தால் அரிய சீட்டு எத்தனைக்கு ஒன்று வந்தது என்று எழுதுங்கள். இதுவரை வராததால் அடுத்த பொதியில் வந்தே தீரும் என்று மனம் சொல்லும். தனி விதி இருந்தாலொழிய, முன்பு திறந்தவற்றை அடுத்த பொதி அறியாது.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய அட்டைகளை வெட்டி, 20 சீட்டுகளில் நீங்களே ஓர் ஆட்டத்தை அமையுங்கள். நண்பனோடு ஆடி விதிகளைத் திருத்துங்கள். பள்ளியில் கணிப்பொறி இருந்தால், அந்த நண்பன் வராத நாளில் அவனுக்குப் பதிலாக ஆடும் ஆணைத்தொடரை ஆசிரியர் உதவியோடு எழுதிப் பாருங்கள். எதிராளியின் கையை எட்டிப் பாராமல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது விளங்கும். அடுத்த நாள் நண்பன் வந்ததும், அவனுக்கும் உங்கள் ஆணைத்தொடருக்கும் ஒரு போட்டி வையுங்கள்.