காவல் முறை யாருக்காக?

மேசைக் கற்பனை விளையாட்டுகளில் குடிபோதையை எப்படிக் கையாள்வது என்று சென்ற வாரம் நம் வட்டத்தில் நடந்த விவாதத்தில் இரண்டு தரப்புகளே ஓங்கி ஒலித்தன. "மது வெறும் பின்னணி; அதற்கு விதி எதற்கு?" என்றது ஒன்று. எத்தனையாவது கோப்பைக்கு எவ்வளவு குறைப்பு என்று அட்டவணை போட்டுக் காட்டியது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் வாதம். போதையைக் குடித்தவனின் உடலுக்குள் நடக்கும் தனிக்கணக்காகவே இரண்டும் பார்க்கின்றன. பதிவு நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் ஆட்டத்தை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்ப்பர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. இன்று டெல்லி, புனே, ஹைதராபாத், பெங்களூரு மாணவர் அறைகளிலும் இது ஆடப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாத நால்வர் சந்திக்க வேண்டுமே என்பதற்காகக் கதைகளில் பாதி மதுக்கூடத்தில்தான் தொடங்கும்.

அவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014) எடுத்துக்கொள்வோம். ஒரு குவளை ஏல் நான்கு செப்புக்காசு என்று விலை சொல்லும் விதிநூல், அதைக் குடித்தபின் நேர்வது பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. எனவே மேசைகளில் ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. உடலுறுதிக்கான தற்காப்புச் சோதனை ஒன்று. தோற்றால் 'நஞ்சேறிய நிலை'. அந்நிலையில் தாக்குதலுக்கும் திறன் சோதனைக்கும் இரு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணைக் கொள்ள வேண்டும். ஆனால் தற்காப்புச் சோதனைகளுக்கு இது பொருந்தாது! அதாவது, நிற்க முடியாமல் தள்ளாடுபவன் ஒரு மந்திரவாதியின் வசியச் சொல்லை எதிர்க்கும்போது மட்டும் முழுத் தெளிவோடு இருக்கிறான். போதை முதலில் தாக்குவது தீர்மானிக்கும் ஆற்றலை. நம் விதியோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறைக்கிறது.

முன்னோர் இதைவிடக் கூர்மையாக யோசித்திருந்தனர். 1979இல் வந்த கேரி கைகாக்ஸின் நடத்துநர் கையேடு, போதை ஏற ஏற அறிவும் விவேகமும் குறையும், துணிவோ கூடும் என்றது. பயம் போய்விடுகிறது, பயப்பட வேண்டிய காரணம் போவதில்லை என்ற உண்மை அந்தச் சிறு அட்டவணைக்குள் இருந்தது. 'கர்ப்ஸ்' என்ற விளையாட்டோ போதையைத் தன்னடக்கச் சோதனையோடு இணைத்தது. 'பிளேட்ஸ் இன் தி டார்க்' குடி போன்ற பழக்கங்களை மன அழுத்தத்தின் வடிகாலாக வைத்து, அளவு மீறினால் வரும் தொல்லைக்கும் இடம் தந்தது. இவை இருந்தும் பெரும்பாலான மேசைகளில் வென்றது 'ஒரு பகடை, ஒரு சிரிப்பு' முறைதான்.

அந்தச் சிரிப்பின் நாயகன் குள்ளன். விதிப்படி குள்ளர் இனத்துக்கு நஞ்சை எதிர்ப்பதில் பிறவிச் சாதகம் உண்டு. ஆகவே எவ்வளவு குடித்தாலும் அசையாதவன் என்பது மேசை மரபு. (பீட்டர் ஜாக்சன் படத்தின் விரிந்த பதிப்பில் வரும் குடிப்போட்டி டால்கியனின் நூலில் இல்லை. அந்தப் படத்திலும் சரிந்து விழுவது குள்ளன்தான் என்பதை ஏனோ எவரும் நினைவில் வைப்பதில்லை.) இம்மரபின் உள்ளே ஒரு கொடிய பொய் இருக்கிறது. பழகிய குடிகாரர் தள்ளாடாமல் நிற்கலாம், நாக்குக் குழறாமல் பேசலாம். அவர் இரத்தத்தில் மது குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. தோற்றத்தில் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும் அளவுக்கு, மூச்சை நிறுத்தும் அளவைத் தாங்கும் திறன் வளர்வதில்லை. 'அவனுக்கு ஒன்றும் ஆகாது' என்று நண்பர்கள் சொல்பவனே அதிக ஆபத்தில் இருப்பவன்.

"விளையாட்டை நலவாழ்வு வகுப்பாக்காதீர்கள்" என்ற எதிர்வினை வருமென்று தெரியும். மாக்ஆண்ட்ரூவும் எட்ஜர்டனும் 1969இல் எழுதிய 'ட்ரங்கன் கம்போர்ட்மென்ட்' நூலை மானிடவியல் மாணவர்கள் அறிவர். குடித்தவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது வேதியியலால் மட்டும் தீர்வதில்லை. தம் சமூகம் கற்பித்தபடியே மனிதர் போதையில் நடக்கின்றனர் என்பது அதன் மையக் கருத்து. அதை ஏற்றால், வாரந்தோறும் நான்கு மணி நேரம் நாம் நடிக்கும் போதையும் ஒரு பாடத்திட்டமே. பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

அப்பாடத்தின் மோசமான பக்கம் 'நீள் ஓய்வு'. விதிப்படி எட்டு மணி நேரம். அதில் குறைந்தது ஆறு மணி நேரம் உறக்கம். எழும்போது இழந்த உயிர்ப்புள்ளிகள் அனைத்தும் மீளும். போதையையும் அத்துடன் துடைத்துவிடுவது நடத்துநர் வழக்கம். உடல் அப்படி இயங்குவதில்லை. கல்லீரல் மதுவை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் முறிக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் குறையும். 300 மில்லிகிராம் அளவில் படுத்தவனுக்கு எட்டு மணி நேரத்தில் 160 மில்லிகிராம் குறைந்தாலே அதிகம். விடியலில் எஞ்சியிருக்கும் 140, நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்த 30 மில்லிகிராம் எல்லையின் நான்கு மடங்குக்கும் மேல். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கடைசிக் கோப்பையை வைத்த கணத்தில் உச்சம் வந்துவிடுவதில்லை. வயிற்றிலும் குடலிலும் எஞ்சியது தொடர்ந்து இரத்தத்தில் கலக்கும். உறங்கத் தொடங்கியபின்னும் அளவு ஏறலாம். தொண்டையின் காப்பு அனிச்சை மழுங்கியிருப்பதால் மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஆட்டம் 'இனி ஆபத்தில்லை' என்று அறிவிக்கும் அதே மணித்துளியில்தான் உண்மையில் ஆபத்து தொடங்குகிறது.

இது ஏட்டுக் கவலை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் தங்கியிருந்த மாணவர் விடுதியொன்றில் (ஊரையும் நிறுவனத்தையும் குறிப்பிடப் போவதில்லை) முதலாண்டு மாணவர் ஒருவர் பந்தயம் கட்டிக் குடித்து நினைவிழந்தார். நண்பர்கள் அவரைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் கலைந்தனர். "லாங் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று ஒருவர் சொன்னதாகவும் அனைவரும் சிரித்ததாகவும் பின்னர் அவர்களே கூறினர். பக்கத்து அறையின் வேதியியல் ஆய்வாளர் தற்செயலாக எட்டிப் பார்த்திராவிட்டால் இதை இரங்கற் குறிப்பாக எழுத நேர்ந்திருக்கும். அவர்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மூச்சு இடைவெளி விட்டு வருவதைக் கண்டு ஆம்புலன்ஸை அழைத்தார். ஏன் முன்பே அழைக்கவில்லை என்று கேட்டபோது மற்றவர்கள் சொன்ன விடை: "வார்டனுக்குத் தெரிந்தால் எல்லோரையும் விடுதியிலிருந்து நீக்கிவிடுவார்கள்." விளையாட்டுதான் அவரை அந்நிலைக்குத் தள்ளியது என்று நான் சொல்லவில்லை. விட்டுப் போவதற்கு ஒரு சொல் தேவைப்பட்டபோது அதை விளையாட்டு கையில் கொடுத்தது என்கிறேன்.

இனி ஆட்டத்தின் உள்ளேயே இருக்கும் முரணைப் பாருங்கள். காட்டில் முகாமிடும் எந்தக் குழுவும் இரவுக் காவல் முறை வகுக்காமல் உறங்குவதில்லை. முதல் சாமம் யார், இரண்டாம் சாமம் யார் என்று நடத்துநர் கேட்பார். நீள் ஓய்வின் விதியே இரண்டு மணி நேரக் காவலை அனுமதிக்கிறது. வராத கோப்ளின்களுக்காக நாம் முறைபோட்டு விழித்திருக்கிறோம். அருகில் மூச்சுத் திணறிக் கிடக்கும் தோழனுக்கு ஒரு சாமம் ஒதுக்க நமக்குத் தோன்றுவதில்லை.

என் முன்மொழிவு இதுதான். அளவு மீறிக் குடித்த பாத்திரத்தின் ஆட்டக்காரர் பகடை உருட்ட வேண்டியதில்லை. பகடை தோழர்களிடம் போகட்டும். நடத்துநர் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு கடிகார வட்டத்தை வரைந்து வைக்கட்டும். கடைசிக் குவளைக்குப் பின்னும் இரண்டு கட்டங்கள் தானாக நிரம்பட்டும். யாரேனும் உடன் விழித்திருந்தால் வட்டம் மெதுவாக நகரும். அவர் மறுநாள் களைப்பைச் சுமப்பார். யாரும் இல்லையெனில் விரைந்து நகரும். எழுப்பினால் எழவில்லை, உடல் சில்லிட்டிருக்கிறது, நிறம் நீலம் பாரிக்கிறது, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே பத்து நொடி கழிகிறது என்ற குறிகளை நடத்துநர் கதைமொழியில் சொல்லட்டும். கோவில் வைத்தியரை அழைக்கலாம். ஆனால் நகரக் காவலருக்குச் செய்தி போகும், குழுவின் பழைய குற்றம் வெளிவரும். அழைப்பதா, மறைப்பதா? இதைவிட நல்ல நாடகத்தை எந்த டிராகன் தரும்? குளிர்ந்த நீரை ஊற்றுவது, கடுங்காப்பி புகட்டுவது, வாந்தி எடுக்கவைப்பது ஆகிய மூன்றையும் யாரேனும் முயல்வர். அவை பயன்படாது, தீங்கும் செய்யும் என்று கதை காட்டட்டும்.

தூயவீரன் கைவைத்தால் ஐந்து புள்ளியில் நஞ்சு முறியும் என்ற விதியை என்ன செய்வது? என் மேசையில் அது போதைக்குச் செல்லாது. கள்ளச்சாராயத்துக்கு அறவே செல்லாது. நம் நாட்டில் மதுநஞ்சு என்ற சொல்லுக்கு மெத்தனால் என்று இன்னொரு பொருளும் உண்டு. 2015இல் மும்பை மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோரையும், 2019இல் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது நச்சுச் சாராயம். மெத்தனால் குடித்தவர் பல மணி நேரம் சாதாரணமாகவே நடமாடலாம். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றியபின்னரே பார்வை மங்கும். செத்தவர்கள் யார், மலிவான சரக்கு யார் வீட்டுக்குப் போனது, அதிகாரி எங்கே இருந்தார் என்ற கேள்விகளால் ஒரு முழுக்கதையை ஓட்டலாம். ஒரு மந்திரக் கையால் அதை அழித்தால் அழிவது நஞ்சு மட்டுமன்று, அக்கேள்விகளும்தான்.

ஒரு மறுப்பை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்தவர்கள் நம் மேசைகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு இது விளையாட்டாக இருக்க முடியாது. அதற்குத்தான் ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டை இருக்கிறது. அட்டையைத் தொட்டால் காட்சி நிற்கும், காரணம் கேட்கப்படாது. நகைச்சுவைக் குடிக்காட்சிக்கும் அதே அட்டை மேசையில் இருக்க வேண்டும் என்பேன். அவர்களை அதிகம் புண்படுத்துவது அந்தச் சிரிப்பாகவும் இருக்கலாம்.

வரும் சனிக்கிழமை எங்கள் குழு இவ்விதியை வைத்தே ஆடவிருக்கிறது. ஆறு கட்டம் மிகுதியா குறைவா என்பது அப்போது தெரியும்; முடிவைப் பின்னூட்டத்தில் எழுதுகிறேன். வட்டத்தை வரையும் தாளின் ஓரத்தில் 108, 112 என்ற இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறோம். அவை கதைக்குள் பயன்படாதவை.