ஸ்கூட்டருக்கும் மூச்சு வேண்டும்

இந்தத் தடவை ஊறுகாயும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. ஸ்கூட்டர் சமாசாரம். "இதெல்லாம் ஆம்பிளைங்க பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. தப்பைச் செய்தவளே நான்தான். அதுவும் குழந்தைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்த தப்பு!

எங்களுடையது கும்பகோணத்தில் பழைய காலத்து ஓட்டு வீடு. வண்டியை ராத்திரி ரேழியில்தான் ஏற்றி வைப்போம். 2012-ல் வாங்கிய கியர் இல்லாத ஸ்கூட்டர். சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மார்க்கெட், மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். 2024 ஆடி மாதம், பெரியவள் தலைப்பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு எங்களிடம் இருந்தாள். ரேழியை ஒட்டிய அறையில் தூளி. அப்போதுதான் அந்தப் பெட்ரோல் வாடை உறைத்தது. "ஏம்மா, சிசுவோட மூக்குல இது ஏறலாமா?" என்று மாமியார் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சீட்டைத் தூக்கி மோந்து பார்த்தேன். டேங்க் மூடியில் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. மாற்ற வேண்டியதுதானே? "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்றார் இவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. நானே பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இரண்டாக மடித்து, டேங்க் வாய் மேல் போட்டு மூடியை இறுக்கித் திருகினேன். வாடை நின்றது. எனக்கு ஒரே பெருமை.

பள்ளிக்கூடம் 5 நிமிஷ தூரம். அதனால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தூரம் போனால்தான் வினை. பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் இருமும், திணறும், நின்றுவிடும். ஒரு நாள் மாமியாரைப் பின்னால் வைத்துக்கொண்டு மகாமகக் குளக்கரையில் வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். பங்கில் பெட்ரோல் போட்டால் உடனே சமர்த்தாக ஓடும். புது பெட்ரோல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பங்கில் மூடியைத் திறக்கிறோமே, அதுதான் காரணம் என்று தோன்றவில்லை.

இவர் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் டேங்க்கைத் தொடவே இல்லை. பெட்ரோல் போதவில்லை என்று கார்புரேட்டர் திருகைத் திருகி, கூடுதலாகப் பெட்ரோல் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தார். வாசலில் நின்றால் வண்டி ஜம்மென்று உறுமியது. தூரம் போனால் பழையபடி நின்றது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 32-க்கு இறங்கியது. சைலன்சர் வாயில் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

இந்த லட்சணத்தில் புகைச் சான்று முடிந்துவிட்டது. சோதனை நிலையத்தில் சைலன்சருக்குள் குழாயை விட்டு, எஞ்சின் சும்மா ஓடும்போது பார்த்தார்கள். என் வண்டி மாதிரி 2000-க்குப் பிறகு வந்த நாலு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை இருக்கலாம். எனக்கு 5.2! "நூறு ரூபா சேர்த்துக் குடுங்க, சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றான் அந்தப் பையன். சரி பண்ணுவது வண்டியை அல்ல, காகிதத்தை. இவர் பர்ஸை எடுத்தேவிட்டார். சான்று இல்லாமல் பிடிபட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் ஆயிற்றே!

நான் விடவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். தினமும் காலையில் இந்த வண்டியை ரேழியிலேயே ஸ்டார்ட் செய்து 'சூடு' பண்ணுவது யார்? நான். கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குவது யார்? என் பேத்தி. காகிதத்தில் எண்ணை மாற்றினால் ரேழியில் காற்று மாறிவிடுமா?

தெருக்கோடி பட்டறையில் வயதான பாய் ஒருவர் இருக்கிறார். வண்டியை ஒரு சுற்று ஓட்டி, திணற ஆரம்பித்ததும் நிறுத்தி, மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம். பால் கவரை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். "வாயையும் மூக்கையும் கட்டிட்டு ஓடச் சொன்னா எப்படிம்மா ஓடும்?"

உங்களில் புட்டிப்பால் கொடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூடியை ரொம்ப இறுக்கிவிட்டால், குழந்தை உறிஞ்ச உறிஞ்ச நிப்பிள் உள்ளே ஒட்டிக்கொள்ளும், பால் வராது. கொஞ்சம் தளர்த்தினால் குமிழி விட்டுக்கொண்டு காற்று போகும், பால் வரும். டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகவே மூடியில் ஊசிமுனை அளவு துவாரம் வைத்திருக்கிறார்கள். நான் அதை அடைத்துவிட்டேன். டேங்க் நிறைய இருந்தபோது சீக்கிரமாக நின்றதற்கும் இதுதான் காரணம். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை அல்லவா?

பாய் புது மூடி போட்டார், ரப்பர் வளையத்தோடு. கார்புரேட்டர் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். கரி பிடித்த பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார். மறுநாள் சோதனையில் 1.8. அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் சான்றை நீட்டினான்.

உங்கள் வண்டியும் சிறிது தூரம் ஓடி நின்றால், ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் பீடி சிகரெட் யாரும் பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் சத்தமும் கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் காற்றுத் துவாரத்தின் மேல் சந்தேகப்படலாம். சேறும் தூசியும்கூட அதை அடைக்கும். புது வண்டிகளில் வேறு ஏற்பாடு. டேங்க்கின் ஆவியைக் குழாய் வழியாகக் கரி நிரப்பிய ஒரு டப்பாவில் பிடித்துவைத்து, பிறகு எஞ்சினே அதை எரித்துவிடுகிறது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பங்கில் "கழுத்து வரை ஊத்துப்பா" என்று சொல்லாதீர்கள். பெட்ரோல் வழிந்து குழாய்க்குள் போனால் கரி நனைந்து கெட்டுவிடும். துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் போதும்.

பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுப்படிக்கும் வரும், சுவாமி விளக்குக்கும் வரும். எங்கள் வண்டி இப்போது எதிர் வீட்டுத் திண்ணையோரம் சங்கிலி போட்டு நிற்கிறது. ஸ்டார்ட் செய்வதும் தெருவில்தான்.

சான்று பி.எஸ். 3 வரை உள்ள வண்டிகளுக்கு 6 மாதம், பி.எஸ். 4-க்கும் 6-க்கும் ஒரு வருஷம். எங்களுடையது 6 மாதக் கணக்கு. அடுக்களைக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் மாற்றின தேதிக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இவர் பார்த்துவிட்டு, "பால் கவர் எல்லாம் எண்ணித்தானே வச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.