பேனா நின்றுபோனால்

அரியமங்கலத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியுள்ளார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்கூடக் கதை எழுதி நிரப்பியவள். சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றாள். அன்றுமுதல் அவளால் ஒரு பக்கமும் எழுத இயலவில்லை. முதல் வரியை எழுதுகிறாள், அடிக்கிறாள், தாளைக் கிழித்தெறிகிறாள். "இறைவன் தந்த வரம் போய்விட்டதா?" என்று கேட்கிறார் தாய்.

போகவில்லை, அம்மா. வரத்திற்கு முன்னே அச்சம் வந்து நிற்கிறது, அவ்வளவே. முன்பு அவளோடு கதை மட்டும் இருந்தது. இப்போது பரிசளித்த நடுவரும் உடன் அமர்ந்திருக்கிறார். வரி முடியுமுன்னே தீர்ப்பு வந்துவிடுகிறது. தமிழில் எழுதுவோர்க்கு இத்துன்பம் இரட்டிப்பாகும். நாம் பேசுவது ஒரு தமிழ். எழுதுவது வேறொரு தமிழ். மனத்தில் எழுந்த சொல்லை ஏட்டுக்கேற்ப மாற்றுவதற்குள் அதன் சூடு ஆறிவிடுகிறது.

சிறுகதை ஆசிரியர் கு. ப. ராஜகோபாலன் (1902-1944) இளமையில் நம் திருச்சியில் படித்தவர். மேலூரில் அரசுப் பணியில் இருந்தபோது, முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், கண்புரையால் பார்வை இழந்தார். எழுத்தாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தடை ஏது? ஆயினும் அவர் ஓயவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதினார். பின்னர்ச் சிகிச்சையால் பார்வை திரும்பியது. துறையூரிலிருந்து வெளிவந்த 'கிராம ஊழியன்' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் ஏற்றார். அண்ணனுக்காக எழுதிய சேது அம்மாளும் கதாசிரியராக மலர்ந்தார்.

இதையே நம் இல்லங்களிலும் செய்து பார்க்கலாம். மகள் கதை சொல்லட்டும், தாய் எழுதட்டும். எதிரே கேட்பவர் இருக்கையில் நாக்கு தயங்குவதில்லை. வீட்டில் பேசும் தமிழே வரட்டும். எழுதியதை அன்றே திருத்த வேண்டாம். விதைத்த அன்றே எவரும் களை எடுப்பதில்லை. மறுநாள் பிழை நீக்கலாம். நடையைச் செம்மை செய்யலாம். திருத்தம் தேவையே, அதற்குரிய நேரம் வேறு.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். யாருக்கும் காட்ட வேண்டாத நோட்டு ஒன்றைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். அதைத் திறந்து பார்க்காதீர்கள். "இன்று என்ன எழுதினாய்?" என்று நாள்தோறும் கேட்காதீர்கள். விருந்தினர் முன் படிக்கச் சொல்லாதீர்கள். அளவற்ற புகழ்ச்சியும் பிள்ளைகளின் தோளில் ஏறும் சுமையே. நாளுக்குக் கால் மணி நேரம், நன்றாயினும் நன்றன்றாயினும், அவள் எழுதினால் போதும்.

தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியன் சோம்பலால் மட்டும் புதைக்கவில்லை. தலைவருக்கு அஞ்சியே புதைத்தான். நம் பிள்ளைகள் எவருக்கும் அஞ்சித் தம் சொற்களைப் புதைக்காதிருக்க நாம் துணைநிற்போமாக.