எந்தப் பேரைத் தட்டினால் நம் நிலம் வரும்?

பஞ்சமி நிலம் பற்றிப் பேசாத தலித் மேடை கிடையாது. அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையையும், அதன் பின்னால் 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையையும்தான் சொல்கிறேன். நான் குடியிருக்கிற சிட்லபாக்கம் அன்றைக்கு அந்த மாவட்டத்துக்குள்தான் கிடந்தது. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்ததும் இதே செங்கல்பட்டு மண்ணில்தான்.

எங்கள் பகுதித் தம்பி ஒருவன், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவன், இணைய ஆய்வுத் தளத்தில் 'தலித்', 'செங்கல்பட்டு' என்று இன்றைய ஸ்பெல்லிங்கில் போட்டுத் தேடிவிட்டு, "ஒன்னுமே இல்லண்ணே" என்றான். இருக்கிறது. 1891இல் எழுதின வெள்ளைக்காரன் நம்மைத் 'தலித்' என்று எழுதவில்லை. அவன் எழுதியது 'பரையா'. ஊர் 'சிங்கிள்புட்'. அப்புறம் 'பஞ்சமர்', 'டிப்ரஸ்ட் கிளாசஸ்', 1922 அரசாணையில் 'ஆதி திராவிடர்', காந்தி ஒட்டிவிட்ட 'ஹரிஜன்', 1935 சட்டத்திலிருந்து 'ஷெட்யூல்டு காஸ்ட்'. வருவாய்த்துறைக் கணக்கில் 'டி.சி. நிலம்'. நம்மை இழிவுபடுத்த எவனெவனோ வச்ச பேரை நாமே நம் விரலால் தட்டினால்தான் நம் வரலாறு திறக்கிறது. வயிறு எரியத்தான் செய்யும். தட்டித்தான் ஆகணும்.

இதைச் சொல்லித்தரும் வீடியோ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தேடல் பயிற்சி வீடியோக்கள் நிறையவே கிடக்கின்றன. இந்தப் பெட்டியில் சொல்லைப் போடு, இந்தப் பொத்தானை அழுத்து என்று இங்கிலீஷில் ஓடும். எந்தச் சொல்லைப் போடுவது? அது தெரிந்தவன்தான் பார்க்கிறான் என்று எடுத்தவர்களுக்கு நினைப்பு. அப்பன் பேராசிரியராக இருக்கிற வீட்டுப் பிள்ளை சோற்றோடு கற்றுக்கொள்கிற விஷயம் இது. சேரிப் பிள்ளை நூலகத்தில் போய்க் கேட்டால், 'இதுகூடத் தெரியாதா' என்ற பார்வையை முதலில் தாண்டணும். வீடியோ முறைக்காது. பத்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஆனால் எதைத் திறக்க? 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒன்றிய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் கட்டி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை வாங்கித் தருகிறது. அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். தெருமுனைக் கிளை நூலகம் இந்தக் கணக்கில் இல்லை. 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்துவரி ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். நில மீட்புக்கு மனு எழுதுகிற தோழர் ஆய்விதழ் படிக்கக் கூடாதா? கேட்கணும்.

அதுவரை, காசில்லாமல் திறக்கிறவை போதுமான அளவு இருக்கின்றன. ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள். பாபாசாகேப் அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகளும் இணையத்தில் இலவசம். நான் கண்ட குறுக்குவழி ஒன்று: ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காதே, கடைசிப் பக்கங்களுக்குப் போ. அரசாணை எண்ணும் தேதியும் அங்கே இருக்கும். குறித்துக்கொண்டு குரோம்பேட்டையில் ரயிலேறி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணைக் கேள். எண்ணோடு போகிறவனை லேசில் திருப்பி அனுப்ப முடியாது.

பழைய தமிழ் அச்சில் இன்னொரு தொல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை, லை எழுத்துகளைக் கணினி பல நேரம் தப்பாகப் படிக்கும். தேடல் கைவிட்டால் ஆண்டுவாரியாக, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேணும். இதையும் வீடியோவில் மறைக்காமல் சொல்லணும்.

அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது விலை ஒரு பைசா, பேரும் 'ஒரு பைசாத் தமிழன்'. நம்மிடம் செல்போன் இருக்கிறது. மூன்று நிமிஷம், ஒரு வீடியோவுக்கு ஒரே தேடல், வீட்டில் பேசுகிற தமிழ். முதலாவது, மேலே சொன்ன பேர்களின் பட்டியல். இரண்டாவது, இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேட மேற்கோள் குறி போடுவது. மூன்றாவது, டி.சி. நிலம். உங்கள் ஊர்க் காகிதத்தில் நம்மை வேறு பேரில் எழுதியிருந்தால் அதை எழுதி அனுப்புங்கள் தோழர்களே, பட்டியலில் சேர்க்கணும்.