கல்லடைப்பும் கதவடைப்பும்

எனக்குக் கல்லடைப்பு வந்ததைப் பற்றி எழுதப் போகிறேன். வியாதியைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல என்று எண்ணுகிற வாசகர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சரி.

சித்திரை மாதத்து இரவு. மணி இரண்டு இருக்கும். இடது விலாவுக்குக் கீழே யாரோ துறட்டியை மாட்டி இழுப்பதுபோல் இருந்தது. வாயு என்று நினைத்தேன். நம் பக்கத்தில் எந்த வலிக்கும் முதலில் வைக்கிற பெயர் வாயுதானே! மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தேன். அரை மணி நேரத்தில் வலி முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, தொடையிடுக்கு வரை போயிற்று. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் புரண்டேன். வாந்தியும் சேர்ந்துகொண்டது. மூன்று பிள்ளை பெற்ற என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத் தெரியுதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்குகிற குழாயில் நான்கு மில்லிமீட்டர் கல். துவரம்பருப்பில் பாதி உடைந்தால் எவ்வளவு, அவ்வளவு. "ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்" என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டார் டாக்டர். பெரிய கல்லாயிருந்தால் அதிர்வலை கொண்டு வெளியிலிருந்தே உடைக்கலாமாம். 1980-இல் ஜெர்மனியில் ம்யூனிக் நகரில் முதன்முதலாகச் செய்த சிகிச்சை அது. அதற்கு முன்பெல்லாம் கத்திதான். லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்பவர், 1658-இல், மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலத்தில், உடம்பைக் கீறிக் கல்லை எடுத்துக்கொண்டு பிழைத்தார். அந்தக் கல்லுக்கு ஒரு பெட்டி செய்து வைத்து, ஆண்டுதோறும் அந்தத் தேதியில் விருந்தும் நடத்தினார். என் கல் ஆறாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. விருந்துக்கு வழியில்லை.

விருந்துதான் இல்லையே தவிர விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. சேதி பரவியதும் ஆளுக்கொரு காரணத்தோடு வந்து சேர்ந்தார்கள். தறி நெய்கிற அடுத்த வீட்டுத் தம்பி, "தக்காளி விதைதானுங்கண்ணா உள்ளே போய்க் கல்லாகுது" என்றான். விதை குடலோடு போகிற சமாசாரம். சிறுநீரகத்துக்கும் அதற்கும் வழியே இல்லை. இன்னொருவர் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர்தான் என்றார். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல உள்ளேயும் படிகிறதாம். பாத்திரத்தில் படிவது கார்பனேட். நம் உடம்பில் பெரும்பாலும் உண்டாவது கால்சியம் ஆக்ஸலேட் கல். இரண்டும் ஒன்றல்ல. (சாயக் கழிவு கலந்த தண்ணீருக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். அது வேறு வழக்கு. வேறொரு நாள் வாதாடுவேன்.)

மூன்றாமவர் பாலையும் தயிரையும் நிறுத்தச் சொன்னார். கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, பாலிலும் சுண்ணாம்பு இருக்கிறது என்பது அவர் கணக்கு. அமெரிக்காவில் நாற்பத்தையாயிரம் ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை நேர்மாறாகச் சொல்கிறது. உணவில் சுண்ணாம்புச் சத்து அதிகம் உண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது போலும். குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவைதான் சிறுநீரில் சுண்ணாம்பை ஏற்றிவிடுகின்றன. எலுமிச்சம்பழச் சாறு நல்லது. ஆனால் அதில் உப்பை அள்ளிப் போடாமல் குடிக்க வேண்டும்.

பெரியம்மா முறை ஆகிற ஒருவர் பூளைப்பூவை வேரோடு பிடுங்கி வந்து கஷாயம் போட்டுக் கொடுத்தார். பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோமே, அதே பூளை. சித்த வைத்தியர்கள் சிறுபீளை என்பார்கள். அன்போடு கொடுத்ததால் குடித்தேன். கல் போனது கஷாயத்தாலா, கஷாயத்தோடு போன தண்ணீராலா என்று பெரியம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தண்ணீர்தான் கடைசியில் மருந்து. இத்தாலியில் பார்மா என்ற ஊரில், முதல் தடவை கல் கண்ட 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாரை மட்டும் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். 1996-இல் முடிவு வெளியாயிற்று. குடித்தவர்களில் 12 பேருக்கும், குடிக்காதவர்களில் 27 பேருக்கும் மறுபடி கல் வந்தது. நாள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். அதற்குத் தக்கபடி குடிக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் வேர்த்துக் கொட்டும் ஊர்களில் இன்னும் அதிகம். இதய நோயுள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

காவிரியும் பவானியும் கூடுகிற கூடுதுறை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கண்ணுக்குத் தெரியாமல் அமுதநதியும் வந்து கலப்பதாக ஐதிகம். மூன்று நதி கூடுகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் கல் வாங்கியவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் மறு பரிசோதனைக்குப் போனேன். அங்கேதான் என் கோபம் திசை மாறிற்று.

எனக்கு முன்னால் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். பவானியிலிருந்து தினம் ஈரோட்டுக்குப் பஸ் ஏறி ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. அவளுக்கும் கல், ஒரு வருஷத்துக்குள் இரண்டாம் தடவை. "ஏன் அம்மிணி, தண்ணி குடின்னு போன தடவையே சொன்னேனே?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "தண்ணி குடிச்சாப் போகோணுமுங்களே, சார்."

பிறகு என் மனைவியிடம் விவரம் சொல்லியிருக்கிறாள். கடை நான்கு மாடி. வேலைக்காரர்களுக்கான கழிப்பிடம் மேல் மாடியில். போக வேண்டுமானால் மேஸ்திரியம்மாவிடம் சொல்லி, நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் ஒரு பார்வை. மூன்றாவது தடவை எல்லோரும் சிரிக்கும்படி ஒரு சொல். ஆகவே காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. பிறகு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் தண்ணீர்.

எனக்கு இதில் ஆச்சரியம் வந்திருக்கக் கூடாது. நெடும்பயணம் போகும் நாளில் நானே தண்ணீரைத் தொடமாட்டேன். ஆணாய்ப் பிறந்தவனுக்கு ஊரெல்லாம் சுவர், அப்படியும் பயம். பஸ் நிலையத்துக் கழிப்பிடத்தின் வாடை உள்ளே நுழையும் முன்பே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பெண்ணுக்குச் சுவரும் இல்லை.

என்னைப் பார்க்க வந்தவர்களில் ஜவுளிக் கடை முதலாளி ஒருவர் உண்டு. அந்தப் பெண்ணின் முதலாளி அல்ல; வேறொருவர். சாத்துக்குடிப் பையோடு வந்து, "நான் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கறேனுங்க, எழுத்தாளரே. தண்ணியைவிட மருந்து ஏதுங்க?" என்றார்.

"உங்கள் கடைப் பெண்கள் எத்தனை லிட்டருங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அடிக்கடி எந்திரிச்சுப் போனா வியாபாரம் என்னாகறதுங்க?"

பத்து மணி நேர வேலையில் மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் கால் மணி நேரம். என் வீட்டில் அவர் காப்பி குடித்த நேரம் அதைவிட அதிகம். இதைச் சொன்னேன். சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனவர் மறுபடி வரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? கோடை வந்தால் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். பெரிய மனிதர்கள் வந்து, முதல் சொம்பை மொண்டு கொடுத்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பந்தலில் மோர் குடித்த கிழவி அரை மணி கழித்து எங்கே ஒதுங்குவாள் என்று அவர்களில் யாராவது யோசித்ததுண்டா? ஒரு கழிப்பிடம் கட்டி, அதைத் தினம் கழுவ ஆள் போட்டு, கதவில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள ஒரு தனவந்தரை நான் இன்னும் காணவில்லை. கொடுப்பது புண்ணியம், கழிப்பது அசிங்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். உடம்புக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிநீர். அதற்கு அடுத்த 19-ஆம் பிரிவு கழிப்பிடம். அடுத்தடுத்து வைத்தார்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்காரப் பெண்மணி, 'பெண்கூட்டு' என்ற சங்கம் கண்டு, ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரவும் கழிப்பிடம் போகவும் உரிமை கேட்டுப் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைச் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நாற்காலி வந்தது, அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகிற பெண்ணுக்கு நோட்டு எதற்கு? 2025-இல் நம் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்க ஏற்பாடாயிற்று. வரவேற்கிறேன். தலைமையாசிரியர்கள் அந்த மணி அடித்த கையோடு கழிப்பிடக் கதவையும் ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று. "பாடம் நடக்கும்போது எழுந்திருக்கக் கூடாது" என்கிற வாத்தியாருக்கும் இதையே சொல்வேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அடையாளம் கண்டு வணக்கம் சொன்னாள். மடியில் இருந்த பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டில் எட்டிப் பார்த்தது, கழுத்துவரை நிறைந்திருந்தது.

"டாக்டர் சொன்னபடி கொண்டுபோறாயா, கண்ணு?" என்றேன்.

"தினம் கொண்டுபோறனுங்க. வீடு போய்ச் சேர்ந்ததும் குடிச்சுருவனுங்க" என்றாள்.