கடைசி ஏழு

இணையதளம் ஒன்றில் உங்கள் போட்டோவை ஏற்றுகிறீர்கள். அதை வைக்க அங்கிருக்கும் பி.எச்.பி. நிரல் ஒரு ஃபோல்டரை உருவாக்குகிறது. 'எம்கேடிர்' என்று ஒரே வரி. சரி. அதற்குக் கீழே 'சிஎச்மாட் 777' என்று இன்னொரு வரியும் எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

யூனிக்ஸ் வழக்கில் முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது அவர் குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. கூட்டினால் 7. ஆக, அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு உள்ள எவரும் வரலாம், வைக்கலாம், அழிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் கடைசி ஏழு. குறைந்த வாடகைக்கு ஒரே கம்ப்யூட்டரில் பல தளங்கள் குடித்தனம் நடத்துகின்றன. நடுவில் சுவர் சரியாக இல்லையென்றால், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஃபோல்டரில் ஒரு நிரலைப் போட்டுவிட்டுப் போவார். சர்வர் அதை உங்களுடையது என்று நம்பி ஓட்டவும் செய்யும்.

"755 போட்டா வேலை செய்யல சார், 777 போட்டதும் ஓடிடுச்சு" என்பார்கள். ஓடாமல் என்ன? பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றினால் யாருக்கும் வழிதான். ஃபோல்டர் ஒருவர் பெயரில் இருக்கிறது, நிரல் இன்னொருவர் பெயரில் ஓடுகிறது. கோளாறு அதுதான். உரிமையாளரை மாற்றுங்கள். அதற்கென்றே கட்டளை இருக்கிறது.

பழியை முழுக்கத் தம்பிகள் மேல் போடுவதும் நியாயமில்லை. எண் சொல்லாவிட்டால் பி.எச்.பி.யின் எம்கேடிர் தானாக எடுத்துக்கொள்வதே 777தான். பைத்தானிலும் அப்படியே. சர்வரில் 'யூமாஸ்க்' என்ற கத்தரி வழக்கமாக 022 என்று இருப்பதால் அது 755 ஆகக் குறைகிறது, நாம் பிழைக்கிறோம். ஆனால் தற்காலிக ஃபோல்டருக்கென்று அதே பைத்தானில் உள்ள 'எம்கேடிடெம்ப்' கொடுப்பது 700. உரிமையாளர் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. மனசு வைத்தால் முடிகிறதே!

நான் பி.காம். காரன். ஆடிட்டிங்கில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: யாரையும் திருடன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அவரவர் வேலைக்கு வேண்டிய சாவியை மட்டும் கொடு.

உங்கள் கடைக்குத் தளம் செய்துகொடுத்தவர் அடுத்த முறை பில்லோடு வந்தால் கேளுங்கள்: "எத்தனை ஃபோல்டர் 777ல இருக்கு தம்பி?" பூஜ்யம் என்று காட்டும்வரை செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.